பர்மா பெரியம்மாவின் படுதா

நம் வயதுக்காரர்கள் வீட்டில் தேடினால் பழைய ஸ்டுடியோ படம் ஒன்றாவது கிடைக்கும். தாத்தா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் யாராவது தோளில் கை வைத்து நிற்பார்கள். முகங்களைப் பார்த்து இது யார், அது யார் என்று பேசிவிட்டு மூடி வைத்துவிடுகிறோம். பின்னால் தொங்கும் படுதாவை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தூணையும் ஜன்னலையும் பூந்தொட்டியையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. அப்படி எழுதிய ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

சுதந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். எனக்கு எட்டு வயது. ராயபுரத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். கொடியில் காயும் வேட்டியில் கரிப்புகை படியும். காற்று திரும்பினால் கருவாட்டு வாடை வரும். வடக்கிலிருந்து அடித்தால் திருவொற்றியூர் தீப்பெட்டி ஆலையின் மருந்து நெடி மூக்கில் ஏறும். அப்பா ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கணக்கு வைக்கிற வேலை.

அப்பாவின் அண்ணன் இளவயதிலேயே கப்பலேறி ரங்கூனுக்குப் போனவர். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதாக ஒரு தகவல் வந்ததோடு சரி. யுத்தத்தில் ரங்கூன் மேல் குண்டு விழுந்த பிறகு எந்தச் செய்தியும் இல்லை. இரண்டு பேருமே போய்விட்டார்கள் என்று எண்ணி அப்பா தலைமுழுகிவிட்டார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, எங்கள் வாசலில் ஒருத்தி நனைந்து நின்றாள். கையில் ஒரு துணிமூட்டை. கன்னம் இரண்டிலும் சந்தனம் மாதிரி மஞ்சளாக எதையோ பூசியிருந்தாள். மழையில் அது வழிந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"ஹார்பர் டாலி கிளார்க்கு வீடு இதுதானா? நான் அவுக அண்ணன் பொஞ்சாதி" என்றாள்.

காட்டுவழியாக அஸ்ஸாமுக்கு நடந்து வந்தபோது பெரியப்பா வழியிலேயே இறந்துவிட்டாராம். கல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுத்து வருஷங்களை ஓட்டியிருக்கிறாள். "இனி எங்கிட்டுப் போறதுன்னு யோசிச்சேன். அவுக சொன்ன அடையாளம் ஞாபகம் இருந்துச்சு" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து அண்ணனுக்காக இரண்டாம் முறை அழுதார்.

பெரியம்மாவின் அப்பா ராமநாதபுரம் பக்கத்துக்காரர், அம்மா பர்மாக்காரி. அதனால் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு பாஷை. தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. பர்மிய எழுத்து தெரியும். கரித்துண்டு கிடைத்தால் தரையில் வட்டம் வட்டமாக எழுதுவாள்.

எங்கள் குடித்தனத்துப் பெண்களுக்கு அவள் பேச்சு பெரிய வேடிக்கை. கறி, கூட்டை அவள் "வெஞ்சனம்" என்பாள். "பைய வா", "அங்கிட்டு வை" என்பாள். "பர்மா பாஷை பேசறா பாரு" என்று பக்கத்து வீட்டு அக்கா வாய்பொத்திச் சிரிப்பாள். அதெல்லாம் நல்ல தெற்கத்தித் தமிழ் என்று எனக்கு விளங்க இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. உண்மையான பர்மிய வார்த்தை ஒன்று அவள் வாயில் வரும். எதைச் சொன்னாலும் "ஹொக்கே" என்பாள். 'சரி' என்று அர்த்தம். அப்பா அதை இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு, "அண்ணி ஓகேல்லாம் சொல்றாங்க, படிச்சவங்கதான்" என்று ஹார்பரில் சொல்லிவிட்டு வந்தார்.

அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரே அறையில் இன்னொரு ஆள் என்றால் யாருக்குத்தான் வரும்? அந்த மழையில் பெரியம்மாவுக்குக் கடுமையான ஜுரம் கண்டது. பாயில் கிடந்தபடி "யே... யே..." என்று கூப்பிட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் "யே."

"யாரைப் பார்த்து யே-ன்ற? நான் இன்னா உன் வூட்டு வேலைக்காரியா?" என்று கேட்டுவிட்டு, கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஜுரம் விட்ட பிறகு நான்தான் பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். "யே-ன்னா இன்னா பெரிம்மா?"

"தண்ணி" என்றாள். "ஏன் கேக்குறே?"

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. அன்றிலிருந்து பெரியம்மாவை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

ரங்கூனில் பெரியம்மாவின் தாய்மாமன் கூத்து மேடைகளுக்குப் படுதா எழுதுகிறவர். அரண்மனை, காடு, தேவலோகம் எல்லாம் காடாத் துணியில் வரும். பத்து வயதிலிருந்து அவரோடு நின்று எழுதியவள் இவள். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. மாமனுக்குப் பிறகு கம்பெனிகள் நேராக இவளிடமே வந்திருக்கின்றன. "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று யார் கேட்டாலும் "படம் எழுதுவேன்" என்பாள். கேட்டவர்கள் கோலம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் அப்பாவின் கறுப்புக் குடையில் பெயிண்டால் தாமரையும் கொடியுமாக எழுதி வைத்துவிட்டாள். பர்மாவில் நல்ல மனிதர்கள் பூக்குடைதான் பிடிப்பார்களாம். தங்க இடம் கொடுத்தவருக்கு மரியாதை செய்வதாக அவள் நினைப்பு. அப்பா கவனிக்காமல் எடுத்துப்போய் ஹார்பர் கேட்டில் விரித்துவிட்டார். கிரேன்காரர்கள் மேலிருந்து விசில் அடித்தார்களாம். திரும்பி வந்தவர் குடையை மூலையில் வீசி எறிந்தார்.

"அண்ணி, இதெல்லாம் இங்க வாணாம். தை பொறந்ததும் செங்கல்பட்டாண்ட எங்க சித்தப்பா புள்ள வூட்டுக்குப் போயிடுங்க. அவன் பொண்டாட்டி படுத்த படுக்கையா கீறா. சமைச்சிப் போட்டுகினு மரியாதையா இருக்கலாம்."

அப்பா கெட்டவர் இல்லை. விதவைக்கு ஒரு கூரையும் ஒரு வேலையும் ஏற்பாடு செய்துவிட்டோம் என்றுதான் நிஜமாகவே நம்பினார். பெரியம்மா அன்று ஹொக்கே சொல்லவில்லை. "தைக்கு இன்னும் நாள் இருக்குல்ல தம்பி" என்றாள்.

மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு கல்மண்டபம் பக்கத்தில் இருந்த போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனாள். முதலாளி ஒரு பாய். அந்த மழையில் ஸ்டுடியோ கூரை ஒழுகி, பின்னால் தொங்கிய படுதாவில் அரண்மனைப் படிக்கட்டெல்லாம் கரைந்து சேறு மாதிரி வழிந்திருந்தது. கடைத்தெருவுக்குப் போனபோது அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

"நான் எழுதித் தாரேன் பாய்."

பாய் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளையா? இன்னா எழுதுவே? கோலமா?"

அவள் கீழே கிடந்த கரியை எடுத்தாள். சுவரில் ஒரு தூண், அதைச் சுற்றி ஒரு திரைச்சீலை, திரைச்சீலையின் மடிப்புகள். பாய் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். "துணி நான் தரேன். கலீஜ் பண்ணே, அத்தோட உன் வேலை பூடும்" என்றார்.

ஸ்டுடியோவின் கொல்லையில் தகரக் கொட்டகையில் வேலை நடந்தது. காடாத் துணிக்குப் புளியங்கொட்டைப் பசை தடவிக் காயவைத்தாள். வஜ்ஜிரம் என்கிற தோல் பசையை அடுப்பில் காய்ச்சி வண்ணப்பொடியைக் குழைத்தாள். மாட்டுத்தோல் வேகிற அந்த நாற்றத்தை நான் இன்றைக்கும் சட்டென்று கண்டுபிடித்துவிடுவேன். எழுதும்போது தனக்குத்தானே பர்மியத்தில் பேசிக்கொள்வாள். அந்த நேரத்தில் தமிழில் கூப்பிட்டால் காதில் விழாது.

படுதா முடிந்த நாளில் தெருவே வந்து பார்த்தது. வெள்ளைத் தூண்கள், நீல வானம், தூண்களைச் சுற்றி ரத்தச் சிவப்பில் ரோஜாக் கொடி. அத்தனை நிறத்தை எங்கள் கரிப்புகைத் தெரு பார்த்ததே இல்லை. பாய் பெருமையில் வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதன் முன்னால் முதலில் நின்றது தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு புது மாப்பிள்ளையும் பெண்ணும். மூன்றாம் நாள் பெண்ணின் தகப்பனார் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் பாய்ந்தார். நானும் பெரியம்மாவும் அங்கேதான் இருந்தோம்.

"இன்னா பாய் இது? மாப்ள தலைல கொம்பு மொளச்சிக் கீது!"

அவர் சொன்னது பொய்யில்லை. நீல வானம் வெறும் வெள்ளையாகிப் போயிருந்தது. சிவப்பு ரோஜாக்கள் எல்லாம் கறுத்த திட்டுகள். மாப்பிள்ளையின் தலைப்பாகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கறுப்புக் கொத்து, சரியாகக் கொம்பு மாதிரி. பாய் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, படுதாவை அவிழ்த்துச் சுருட்டிப் பெரியம்மா காலடியில் போட்டார்.

"அந்தக் காலத்துலேருந்தே கேமரா கண்ணாடி பிளேட்டுக்கு செகப்பு கறுப்பாத்தான் தெரியும். ஸ்டுடியோ படுதான்னா சாம்பக் கலர்லதான் எழுதணும். பெயிண்டருன்னியே, இது தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அந்தக் கலருல மயங்கி நானும் கோட்ட வுட்டுட்டேன்!"

"மேடைக்குத்தான் எழுதியிருக்கேன் பாய். போட்டோவுக்கு எழுதுனதில்ல. நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"எடுத்துகினு போ."

அவள் அதைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குழாயடியில் விரித்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். பசை வண்ணம் என்பதால் கரைந்து வந்தது. ரோஜாவும் வானமும் ஒன்றாகக் கலந்து சாக்கடையில் ஊதா நிறமாக ஓடியதைக் குடித்தனத்துப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். அவள் அழவில்லை. அப்பா சாயங்காலம் வந்து, கொடியில் தொங்கிய வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். பாவம், தோற்றுப்போய்த் துவைத்துப் போட்டுவிட்டாள் என்று நினைத்தார். அவளோ மறுபடி எழுதுவதற்காகத்தான் துவைத்திருந்தாள்.

மறுநாள் ஒரு பலகை கிடைத்தது. அதில் கையகலக் கோடுகளாக எல்லா நிறத்தையும் தீட்டினாள். சிவப்பு, காவி, மஞ்சள், பச்சை, நீலம், அப்புறம் கரியும் சுண்ணாம்பும் கலந்த சாம்பல்கள். பலகையைத் தூக்கிக்கொண்டு பாயிடம் போனாள். அன்று எங்களோடு அம்மாவும் வந்தாள். ஏன் வருகிறாள் என்று சொல்லவில்லை.

"இதை ஒரு படம் பிடிங்க பாய். எந்த நிறம் எதுவா மாறுதுன்னு நான் பாக்கணும்."

"பிளேட்டு இன்னா மரத்துல காய்க்குதா? பலகையெல்லாம் போட்டோ புடிக்க மாட்டேன்."

அப்போதுதான் அம்மா முன்னால் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததை அப்படியே மேஜைமேல் வைத்தாள்.

"எனுக்கு போட்டோ புடி பாய்."

"உனுக்கா?"

"எனுக்குத்தான். காசு குடுத்து போட்டோ புடிச்சிக்க வந்துகீறேன். மடியில நான் புள்ளைய வச்சிக்குவேன், பூனைய வச்சிக்குவேன், பலகைய வச்சிக்குவேன். உனுக்கு இன்னா?"

பாய் சிரித்துவிட்டார். அம்மா அதுவரை படமே எடுத்துக்கொண்டதில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவள். நாற்காலியில் உட்கார்ந்து, பலகையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கேமராவை முறைத்தாள். அம்மாவுக்கு அந்த வயதில் எடுத்த படம் அது ஒன்றுதான். பின்னால் ஒரு வீடு மாற்றத்தில் அது தொலைந்துபோனதில் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

படம் வந்ததும் பெரியம்மா பலகையையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். சோறு இறங்கவில்லை. விரலை ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு நகர்த்துவாள், ஏதோ முணுமுணுப்பாள்.

"இன்னா பெரிம்மா சொல்லிகினுகீறே?"

"பாடம் படிக்கிறேன். இங்கிட்டுச் சிவப்புன்னா கறுப்பு. நீலம்னா வெள்ளை. மஞ்சளும் கறுக்குது. இது மூணாவது பாஷை. ரெண்டு தெரிஞ்சவளுக்கு மூணாவது வராமலா போயிரும்?"

மார்கழி பிறக்கும்வரை எழுதினாள். விளக்குக்கரியும் சீமைச் சுண்ணாம்பும் மட்டும்தான். ஒரு பெரிய ஜன்னல், ஒதுக்கிக் கட்டிய திரை, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் நாலைந்து பனைமரம், ஓட்டுக்கூரைகள். பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். "சாம்பல் பூசிக் கெடுத்துட்டாளே" என்றார்கள். எனக்கும் பிடிக்கவில்லை. எனக்கு ரோஜாதான் வேண்டியிருந்தது. பாய் மட்டும் அதை வாங்கி மாட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு ராயபுரத்து மீன்பிடிக் குடும்பங்கள் புதுத்துணியோடு படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். முதலில் வந்த ஒரு குடும்பத்தைப் பாய் அதன் முன் நிறுத்தினார். படம் வந்தது. ஜன்னலில் வெளிச்சம் நிஜமாகவே உள்ளே விழுவது மாதிரி இருந்தது. வெளியே காற்றே அடித்தது. பாய் அதைத் தெருப்பக்கம் பார்க்க மாட்டி வைத்தார். கூட்டம் வர ஆரம்பித்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஜன்னலுக்கு வெளியே இருப்பது எந்த ஊர் என்று ஆளாளுக்குச் சண்டை. மீனவக் குடும்பத்துப் பாட்டி, "எண்ணூர்தான் இது, எங்க வூட்டுக்குப் பின்னால இப்டித்தான் கீது" என்றாள். பர்மாவிலிருந்து நடந்து வந்து புளியந்தோப்பில் குடியிருந்த ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, பெரியம்மாவிடம் ஏதோ கேட்டார். அவள் பர்மியத்தில் பதில் சொன்னாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவர்கிட்ட இன்னா சொன்னே?" என்று கேட்டேன்.

"எங்க ஊரான்னு கேட்டாரு. நீங்க நிக்கிற இடத்துலயிருந்து பாத்தா உங்க ஊருதான்னேன். பனை ரெண்டு ஊர்லயும் ஒண்ணுபோலத்தான இருக்கு."

தை பிறந்தது. அப்பா சொன்ன செங்கல்பட்டுத் தம்பி, எனக்குச் சித்தப்பா, ஸ்டேஷனுக்குத் திரும்ப மாட்டுவண்டிக்கும் சொல்லிவிட்டு வந்திறங்கினார். நல்லமாதிரியாகத்தான் பேசினார். "ஊர்ல மரியாதையா இருக்கலாம். இங்க ஜாதி ஜனம் தெரியாத எடத்துல ஒரு பொம்பள போட்டோ கடைக்குப் போய் வந்துகினு... நாலு பேரு பேசுவாங்களே."

பெரியம்மா அவருக்கு மோர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அன்று கன்னத்தில், மழையில் வந்து நின்ற நாளைப் போலவே, விளாமரப் பட்டையை இழைத்துப் பூசியிருந்தாள். திருவொற்றியூரில் ஒரு விளாமரத்தை எப்படியோ கண்டுபிடித்திருந்தாள்.

"பொறந்த ஊர்ல என்னைக் கலான்னு கூப்பிட்டாக. அந்நியக்காரின்னு அர்த்தம். இங்கிட்டு பர்மாக்காரிங்கிறாக. பேசுறவுக எங்கிட்டும் பேசுவாக. அதுக்காக நான் எத்தனை ஊரு மாத்துவேன்? உங்க வீட்டுல படுத்திருக்கவுகளைப் பாக்கணும்னா வாரேன், ரெண்டு நாள் இருந்து சமைச்சுப் போட்டுட்டுத் திரும்பிருவேன். அடுத்த வாரம் திருவொத்தியூர் ஸ்டுடியோவுக்குப் படுதா ஒத்துக்கிட்டிருக்கேன்."

"நான் வாக்குக் குடுத்துட்டேன் அண்ணி" என்றார் அப்பா.

"நானும் குடுத்துருக்கேன் தம்பி."

வண்டியில் சித்தப்பா மட்டும் திரும்பிப் போனார். அப்பா பத்துப் பதினைந்து நாள் பெரியம்மாவிடம் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவள் எழுதியதையெல்லாம் சொல்ல இடம் போதாது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, யானைக்கவுனி என்று ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அவள் படுதாக்கள் தொங்கின. நாடகக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஆசை தீரச் சிவப்பில் எழுதினாள். தனியாக ஒரு கொட்டகையும் ஓர் அறையும் பிடித்தாள். கடைசிவரை தமிழ் எழுத்து அவளுக்கு வரவே இல்லை. படுதாவின் மூலையில் பர்மிய எழுத்தில் பெயர் போடுவாள். பூவேலை என்று நினைத்து ஒருவரும் கேட்டதில்லை.

ஆனால் அவள் இன்னும் எங்களோடு இருந்த அந்த மாசியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா கொல்லைப்பக்கம் வஜ்ஜிரம் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"தாய்மொழி?"

"எல்லாருக்கும் தமிழ்தான் சார்."

"எனக்கு பர்மா" என்று பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

அப்பா எழுந்தேவிட்டார். "அண்ணி, வம்பு வாணாம். நாளைக்கு எவனாவது வந்து நீ எந்த தேசம்னு கேட்டா பேஜாராப் பூடும். தமிழ்னே இருக்கட்டும்."

"என்னைப் பெத்தவ பேசுனது பர்மா தம்பி. எங்கய்யா பேசுனது தமிழ். அவரு தாய்மொழின்னுதான கேக்குறாரு? அய்யாமொழின்னு கேக்கட்டும், தமிழ்னு சொல்றேன்."

வாத்தியார் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் பார்த்தார். "கூடப் பேசும் பாஷைக்கும் ஒரு இடம் இருக்கும்மா. அதில் தமிழ் எழுதிவிடுகிறேன்" என்று இரண்டையும் எழுதினார். "தொழில்?"

"அவங்க வூட்டோட கீறாங்க" என்றார் அப்பா.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இன்னா வூட்டோட? படம் எழுதறாங்க. அப்படியே எழுதிக்கோ வாத்தியாரே."

வாத்தியார் எழுதவில்லை. குடும்பத் தலைவர் அப்பாதானே, அவர் முகத்தைப் பார்த்தார். அப்பா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். வாசலைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆமா சார்" என்றார். "படம் எழுதறாங்க. ராயபுரத்துல அவங்க படுதா முன்னால நிக்காத ஆளு கம்மி. அதையும் எழுத எடம் இருந்தா எழுதிக்குங்க."

பெரியம்மா அதைக் கேட்க அங்கே நிற்கவில்லை. இறக்கி வைத்த பசை ஆறினால் இறுகிவிடும் என்று கொல்லைப்பக்கம் ஓடியிருந்தாள்.